முட்டி வலி மெஷின்

கடைசியாக நான் சம்பூரணத்தை உயிரோடு பார்த்தது ஒரு வியாழக்கிழமை காலை, பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது. என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இதோ இந்தப் பையில் இருக்கிறதே, இந்த மெஷின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். அப்புறம் கண்ணைத் திறந்து, "இது நான் பண்ணது இல்லீங்க" என்றாள். சித்த நேரம் படுத்துக்கொள்கிறேன் என்று உள்ளே போனாள். நான் சரி என்றேன். திரும்பிப் பார்த்துச் சொன்னேனா, பார்க்காமல் சொன்னேனா, ஞாபகம் இல்லை. பார்த்திருப்பேன் என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்டது பைக்குள் என்ன முட்டுகிறது என்று. அவினாசி தாண்டி அந்த வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டபோது பட்டன் அழுந்திவிட்டது. நிறுத்திவிட்டேன், இனி சத்தம் வராது. ஷேவிங் மெஷின் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை மாதமாக எல்லாரிடமும் அப்படி ஏதாவது ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் பவானியில் இறங்கிவிடுவீர்கள். நான் சேலத்துக்குப் போகிறேன், மகள் பிரவீணா வீட்டுக்கு. இனிமேல் அங்கேயே இரு என்று கூப்பிட்டிருக்கிறாள். நாம் மறுபடி பார்க்கப்போவதில்லை. சம்பூரணத்திடம் சொல்லாததை யாரிடமாவது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

நான் படித்தது பத்தாவது. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் டெஸ்டிங்கில் இருந்தேன். மோட்டாரை ஓடவிட்டு, எவ்வளவு அதிர்கிறது என்று அளந்து பார்ப்பது. அதிகம் அதிர்ந்தால் திருப்பி அனுப்புவது. அவ்வளவுதான் வேலை. கம்ப்யூட்டர் வந்தபோது எங்கள் செக்‌ஷனில் யாரும் தொடவில்லை. நான் ஒரு டிக்‌ஷனரியை வாங்கி வைத்துக்கொண்டு மேனுவலைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டேன். புரோகிராம் எழுதுவது வரைக்கும் நானாகக் கற்றுக்கொண்டதுதான். யாரிடமும் போய்க் கேட்டது இல்லை. கேட்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே இல்லை.

ஐம்பத்தேழாவது வயசில் கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த வயசுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டிலிருந்தே செய்கிற வேலைகளைப் போடுகிற வெப்சைட் ஒன்றில், அதிர்வுப் பதிவுகளை நேர்கோட்டு அசைவாக மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கேட்டிருந்தது. ஏதோ பம்ப் சமாச்சாரம் என்று நினைத்தேன். மூன்று பதிவை மாற்றி அனுப்பினேன். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஓட்டிப் பார்க்க இந்த மெஷினை அனுப்பிவைத்தார்கள். கூரியரைப் பிரித்து, கூட வந்த படம் போட்ட புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

தனியாக இருக்கிறவர்களும், வேறு வேறு ஊரில் இருக்கிற புருஷன் பெண்டாட்டியும் உடம்பு சுகத்துக்கு வைத்துக்கொள்கிற மெஷின் அது. இதை நான் வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை. சொல்லிப் பார்த்தால் அப்படி ஒன்றும் பெரிய வார்த்தையாகத் தெரியவில்லை.

புத்தகத்தை மூடிப் பழைய மோட்டார் காகிதங்களுக்கு அடியில் செருகிவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து அவள் டீயோடு வந்தாள்.

"என்னங்க அது, பிளாஸ்க்கா?"

"இல்லை. முட்டி வலிக்கு. வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்காங்க."

அவள் அதை எடுத்துப் பார்த்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"முட்டிக்குங்களா?"

"முட்டிக்குத்தான்."

"ஒரு முட்டிக்கா, ரெண்டுக்குமா?"

"ஒவ்வொண்ணா வெச்சுக்கோணும்."

"சரிங்க" என்றாள். டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நம்பிவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். நான் சொன்னால் அது அவளுக்கு வேத வாக்கு.

வேலை என்னவென்று சொல்கிறேன், கஷ்டமாக இருக்காது. பழைய மெஷின்கள் அதிரத்தான் செய்யும். எந்த நிமிஷத்தில் எவ்வளவு பலமாக அதிர வேண்டும் என்று பூஜ்ஜியத்திலிருந்து இருபது வரைக்கும் ஒரு கணக்கு ஃபைலில் இருக்கும். இந்தப் புது மெஷின் அதிராது. மேலே போகும், கீழே வரும். இதற்கு எந்த நேரத்தில் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். அந்த ஃபைலை இந்த ஃபைலாக மாற்றுவது என் வேலை. புதிதாகச் செய்கிற எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். நானும் செய்தேன். அதிர்வு எவ்வளவோ அவ்வளவு உயரம் என்று நேராக மாற்றிவிட்டேன். அதிர்வு இருபதிலேயே ஒரு நிமிஷம் நின்றால் என்ன ஆகும்? மெஷின் உச்சிக்குப் போய் அப்படியே அசையாமல் நின்றுவிடும். எங்கே ரொம்ப பலமாக இருக்க வேண்டுமோ அங்கே ஒன்றுமே நடக்காது.

துளையிடும் மெஷினுக்கு வைக்கிற பிடிப்பானை மேஜையில் முடுக்கி, அதில் இதை நிறுத்தி, வடிவம் தெரியாமல் இருக்க ஒரு துண்டைச் சுற்றி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் போய் நின்றுவிட்டது. சம்பூரணம் கதவோரம் நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கோவிச்சுக்கிட்டு நிக்குது?" என்றாள்.

அப்புறம் கத்தியை வைத்துவிட்டு வந்து, நான் தடுப்பதற்குள் துண்டு மேல் உள்ளங்கையை வைத்தாள். அவள் பதினெட்டு வருஷம் நூல் மில்லில், நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தவள். எந்த ஸ்பிண்டில் கெடப்போகிறது என்று கையை வைத்தே சொல்லிவிடுவாள், ஃபிட்டர்கள் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார்களாம். என்னிடம் இருந்தது பழைய பம்ப் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஒரு சென்சார். அது எண் சொல்லும். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. அதனால் அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவையும் அவள் கையை வைத்துப் பார்த்துச் சொல்வது என்று ஆகிவிட்டது. ஆடி மாதம் ஆரம்பித்தது. கார்த்திகை வரைக்கும், தினமும் காலையில் சமையல் முடிந்ததும் வந்துவிடுவாள். நான் கூப்பிடவே வேண்டாம்.

என்னென்ன சொல்வாள் தெரியுமா? "இதுல அவசரம் இருக்குதுங்க. எடுத்த எடுப்புலயே ஓடக் கூடாது." "இது சண்டை போடற மாதிரி இருக்குது." "இங்க சித்த நிறுத்துங்க. நிறுத்திட்டு, மறுபடி மெதுவா வரட்டும்." ஒரு தடவை ஏழாம் நம்பர் பதிவில் கையை வைத்த உடனே எடுத்துவிட்டாள். "இதை ஒரு ஆம்பளை பண்ணியிருக்கான். அவனுக்கு எதிராளோட நெனப்பே இல்லை."

முட்டி வலிக்கு எதிராள் எங்கிருந்து வந்தாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. டாக்டரைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

நான் அவள் சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றினேன். ஆரம்பத்தை மெதுவாக்கினேன், நடு நடுவே இடம் விட்டேன். கம்பெனியிலிருந்து பாராட்டி எழுதினார்கள். மற்றவர்கள் எழுதுவதில் எல்லாம் வேகம்தான் இருக்கிறது, உங்களுடையதில் மட்டும் பொறுமை இருக்கிறது என்று. வாங்கியவர்கள் எழுதியதையும் அனுப்புவார்கள். எந்த ஊர் என்று தெரியாது, பெயரும் இருக்காது. ஒரு பெண், இதை எழுதியவர் கூட வாழ்கிறவள் கொடுத்து வைத்தவள் என்று எழுதியிருந்தாள். அதைச் சம்பூரணத்துக்கு எப்படிப் படித்துக் காட்டுவது? நானாக மாற்றிச் சொன்னேன்.

"ஒரு அம்மாவுக்கு முட்டி நெம்ப சொகமாயிருச்சாம். நன்றி சொல்லியிருக்காங்க."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. நிற்க முடியாமல் மேஜைக்குப் பின்னால் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்கறே?"

"ஒண்ணுமில்லீங்க. பாவம் அந்தம்மா. இத்தனை வருசமா முட்டியோட என்ன பாடு பட்டாங்களோ."

"அதுல சிரிக்க என்ன இருக்குது?"

"நீங்க சொன்ன தினுசு அப்படி" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அடுத்தவள் வலியைப் பார்த்து ஒரு பெண் சிரிக்கலாமா என்று.

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நான் திருட்டு வேலை செய்யவில்லை. ஆனாலும் பெண்டாட்டியின் கையைப் பிடித்து, தெரியாத ஒன்றின் மேல் வைத்துவிட்டேனே என்று ஒரு உறுத்தல். வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்பேன். வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிற்பாள், வாய் வராது. எப்படி ஆரம்பிப்பது சொல்லுங்கள்? அந்த விஷயத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. பேச்சும் கிடையாது, வேறு ஒன்றும் கிடையாது.

அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்பு அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு வாரத்துக்குச் சேரக் கூடாது என்றார். சரி என்றேன். ஏழாவது வாரம் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளுக்கு உடம்பு முடியாதபோது உள் அறையில் ஜன்னல் பக்கம் தனிக் கட்டில் போட்டிருந்தோம். அது அப்படியே இருந்துவிட்டது. அவளுக்கு அதில் நாட்டம் போய்விட்டது. பெண்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று எங்கேயோ படித்தேன். தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கியே இருந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், ஒரு நாள்கூட நான் அவளைத் தொந்தரவு செய்தது இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் கேட்டாள். "ஏனுங்க, ஜன்னல் பக்கம் ஃபேன் காத்தே வர்றதில்லை. கட்டிலை ஒண்ணா நகத்திப் போட்டுக்கலாமுங்களா?"

"அங்க நெட் கேபிள் போகுது பாரு. கட்டிலை நகத்தினா நசுங்கிரும்" என்றேன்.

மறுநாளே ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்து அவள் தலைமாட்டில் வைத்தேன். நல்ல ஃபேன். சத்தமே வராது. அவள் அதைப் பார்த்து, "நெம்ப சந்தோசம்" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை என்று இப்போது நினைத்தால் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

இன்னொன்று. மெஷின் மேல் கையை வைத்திருக்கும்போது அவ்வப்போது என் கையைப் பிடிப்பாள். "நீங்களும் வெச்சுப் பாருங்க. இங்க, என்ற கையோட. நெம்ப நல்லா இருக்குது." நான் கையை எடுத்துக்கொண்டு, "எனக்குத்தான் சென்சார் இருக்குதே" என்பேன். இரண்டு கையை வைத்தால் எடை கூடிவிடும், அளவு தப்பாக வரும். அதனால்தான் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தட்டுமா? உங்களுக்குக் காற்று அடிக்கிறதா? சரி.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். "நானும் ஒண்ணு பண்ணட்டுங்களா?" என்று கேட்டாள். பழைய அதிரும் மெஷின்களுக்கு ஒரு ஆப் இருந்தது. போனில் விரலை வைத்து மேலே நகர்த்தினால் அதிர்வு கூடும், கீழே நகர்த்தினால் குறையும். நகர்த்துவது எல்லாம் பதிவாகிவிடும், கையில் இருக்கிற போனும் அதற்கேற்ற மாதிரி அதிரும். எனக்கு வருகிற பதிவுகள் எல்லாம் அப்படி யாரோ விரலால் செய்து அனுப்பியவைதான். அவளுக்கு எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தாள்.

போனை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் அந்தக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள். என் மேஜை சுவரைப் பார்த்து இருக்கிறது. நான் முப்பத்தேழாம் நம்பரை முடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சுங்க" என்று போனை மேஜையில் வைத்தாள்.

"என்ன பேர் வெக்கட்டும்?"

"உங்களுக்கு நம்பர்தானுங்களே பேரு."

முப்பத்தெட்டு என்று போட்டேன்.

"இது யாருக்குப் பண்ணே?"

"முட்டி வலி இருக்கறவங்களுக்குத்தான்" என்றாள். போகத் திரும்பினாள். "இந்த ஊட்டுலயே ஒருத்தருக்கு இருக்குது."

என் முட்டியைச் சொல்கிறாள் என்று நினைத்து, எனக்கு ஒன்றும் வலி இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். படி ஏறும்போதுகூட வலிக்காது என்று சொன்னேன். அவள் குளிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. மற்றப் பதிவுகளைச் செய்கிற மாதிரியே அதையும் செய்தேன். முதலில் ஒரு வடிகட்டி புரோகிராம் ஓட்டுவேன், நானே எழுதியது. நடுவில் நீளமாக ஒன்றும் இல்லாத இடங்களை அது வெட்டி ஒட்டிவிடும். ஏனென்றால் பத்து வினாடிக்கு மேல் மெஷின் அசையாமல் நின்றால் பழுது என்று கம்பெனியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சம்பூரணம் கேட்ட இடைவெளி எல்லாம் இரண்டு வினாடி, மூன்று வினாடி. அவளுடைய பதிவிலோ நாற்பத்தோரு வினாடி வெறுமையாக இருந்தது. அது போய் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்குத் தெரியாமல் இல்லை, எவ்வளவு வெட்டினேன் என்று புரோகிராம் சொல்லும். குக்கரை இறக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். அன்றைக்குப் புதுப்புடவை கட்டியிருந்தாள் என்று பிறகு அவள் தங்கைதான் சொன்னாள். கையை வைத்தாள். கண்ணை மூடினாள். முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை.

"இது நான் பண்ணது இல்லீங்க."

"உன்னுதுதான். முப்பத்தெட்டு."

"நடுவுல சும்மா இருந்தனே, அது எங்கீங்க?"

"அதை வெட்டிட்டேன். குக்கர் விசில் வந்துது, நீ எந்திரிச்சுப் போயிருப்பேன்னு."

"நான் எந்திரிக்கவே இல்லீங்களே."

"பின்னே?"

அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டாள். வாயு என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள், அதனால் நானும் பெரிதாக எடுக்கவில்லை. சித்த படுத்துக்கறேன் என்றாள். முதலில் சொன்னேனே, அது இதுதான்.

அவள் போன பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு பதிவு செய்திருக்கிறாள், அதையும் நான் கத்தரித்துவிட்டேனே என்று இருந்தது. சரி, கம்பெனிக்கு அனுப்ப வேண்டாம், அவளுக்காக அந்த நாற்பத்தோரு வினாடியைத் திருப்பி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வெட்டுவது சுலபம். வெட்டியதைத் திருப்பி அதே இடத்தில் வைத்து, முன்னும் பின்னும் இடிக்காமல் இறக்கி ஏற்றுவது சுலபம் இல்லை. திடீரென்று நின்றால் மெஷின் உதறும். மெதுவாக இறங்கி நிற்க வேண்டும், மெதுவாக எழ வேண்டும். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் சரியாக வந்தது.

"சம்பூரணம், வா. வெச்சுப் பாரு" என்று கூப்பிட்டேன்.

வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பசி வேறு. சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லையே என்று கொஞ்சம் எரிச்சலோடு மூன்றாவது தடவை கூப்பிட்டேன். "கோவமா? அதான் திருப்பி வெச்சுட்டேனே, வந்து பாரு" என்று சத்தமாகச் சொன்னேன்.

அப்புறம் எழுந்து உள் அறைக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தோளைத் தொட்டேன். கடைசியாக அவளை எப்போது அப்படித் தொட்டேன் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அவளுக்கும் நடுவில் பன்னிரண்டு அடிகூட இருக்காது. ஒரு சுவர்தான்.

சொந்தக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். மேஜையில் துண்டு சுற்றிய மெஷின் அப்படியே நின்றுகொண்டிருந்தது, எனக்கு எடுத்து வைக்கத் தோன்றவில்லை. பதினாறாம் நாள் அவள் தங்கை ருக்குமணி அறையைப் பெருக்க வந்து, "மச்சான், இது என்னங்க?" என்று கேட்டாள்.

"முட்டி வலி மிஷினு."

"அக்காளும் அப்படித்தான் சொல்லுச்சு" என்றாள். உடனே முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பினாள், கண்ணில் தண்ணீர்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயம். ருக்குமணிக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். தரையில் உட்கார முடியாது. எனக்கு வைத்துப் பார்க்கட்டுமா மச்சான் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காள் போன துக்கத்தில் மறந்திருப்பாள்.

"அக்கா அன்னைக்குக் காலையில போன் பண்ணுச்சுங்க மச்சான்" என்றாள். "மாம்பழக் கலர்ல எடுத்து வெச்சுருந்த சேலையைக் கட்டியிருக்கேன், இன்னைக்காவது உங்க மச்சான் திரும்பிப் பாக்கறாரான்னு பாப்போம்னு சிரிச்சுது."

நான் பார்த்தேன் என்று சொன்னேன்.

தை மாதம் அவள் பீரோவை ஒழித்தோம். ஜாக்கெட் துணிகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் கவரில் அந்தப் புத்தகம் இருந்தது. மெஷினோடு வந்ததே, நான் மோட்டார் காகிதங்களுக்கு அடியில் செருகி வைத்தது. அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படம்தான். எட்டாம் பக்கம் ஓரத்தில் மடித்திருந்தது. பீரோத் தட்டில் விரிக்கலாம் என்று எடுத்து வைத்திருப்பாள். அவளுக்கு வழவழப்பான காகிதம் என்றால் பிடிக்கும், காலண்டர் தாளைக்கூட விட மாட்டாள். அப்படித்தான் இருக்கும், இல்லைங்களா?

நீங்கள் பையையே பார்க்கிறீர்கள். பரவாயில்லை.

அப்படித்தான் என்று நானும் இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன். தெரியாமலே போய்விட்டாள், நான்தான் ஏமாற்றிவிட்டேன் என்று. அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு இருப்பது ஒரு விதத்தில் சுலபமாக இருந்தது. போன வாரம் மகள் வீட்டுக்குக் கொண்டுபோக ஃபைல்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் செய்த முப்பத்தெட்டை, வடிகட்டாத முதல் ஃபைலை, திறந்து பார்த்தேன். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எனக்கும் தெரியும். தெரிந்தேதான் தப்பு செய்திருக்கிறேன். விரலைப் போனிலிருந்து எடுத்துவிட்டால் அந்த ஆப் ஒன்றுமே எழுதாது. நேரம் ஓடும், வரிகள் இருக்காது. விரல் கண்ணாடி மேலேயே இருந்து, அடிக்கோட்டில் அசையாமல் நின்றால், அப்போது அது எழுதும். வினாடிக்குப் பத்து தடவை பூஜ்ஜியம் பூஜ்ஜியம் என்று எழுதிக்கொண்டே இருக்கும். என் வடிகட்டிக்கு இரண்டும் ஒன்று. நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஒன்றும் இல்லாததையும் வெட்டு, பூஜ்ஜியத்தையும் வெட்டு என்று.

அவள் எழுந்து போகவில்லை. குக்கர் விசில் அடித்தபோதும் போகவில்லை. கட்டிலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து விரலை எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நேரம் அவளுக்கு முன்னால் இருந்தது என் முதுகு மட்டும்தான். வேறு எதையும் அவள் பார்த்திருக்க முடியாது. நான் திரும்பினால் தொடரலாம் என்று இருந்தாளோ என்னவோ. நான் திரும்பவில்லை. அப்புறம் மெதுவாக விரலை மேலே கொண்டுபோயிருக்கிறாள், ரொம்ப மெதுவாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று. ஒன்பதுக்கு மேல் போகவில்லை. முடித்துவிட்டு ஆச்சுங்க என்று போனை வைத்துவிட்டாள்.

திருப்பி வைத்த பதிவை அவள் கையை வைத்துப் பார்க்கவே இல்லை. நேற்று நான் பார்த்தேன். சென்சார் இல்லாமல், கையை வைத்து. நாலு மாதம் அவள் கூப்பிட்டாள், நேற்றுத்தான் வைத்தேன். நடுவில் மெஷின் இறங்கி நின்றது. பழுதாகிவிட்டதோ என்று கையை எடுக்கப் பார்த்தேன். எடுக்கவில்லை. இருந்தேன்.

பாலம் வந்துவிட்டது. உங்கள் ஊர்தானே? இறங்குங்கள், பையைத் தாண்டிப் போங்கள், பரவாயில்லை. நீங்கள் யாரிடம் சொன்னாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

அந்த ஃபைலை யாருக்கும் அனுப்பவில்லை. நாலு நிமிஷம் பதினோரு வினாடி. அதில் நானூற்றுப் பன்னிரண்டு பூஜ்ஜியம் இருக்கிறது.